குழந்தையின் பேச்சு: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு அதன் காதில் நிறையச் சொற்கள் விழுந்தால் மட்டும் போதாது. அது எழுப்பும் ஒலிக்கும், காட்டும் விரலுக்கும் எதிரில் இருப்பவர் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு நாம் வீட்டில் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கொடுக்கல் வாங்கலில் குழந்தையின் முறையைப் பறித்துக்கொள்பவை.

இன்று பரவலாக இருப்பது செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது. நாலு வாய் கூடுதலாக இறங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அம்மாவோ அப்பத்தாவோ குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு நாளில் அதிகமில்லை. அதையும் திரைக்குக் கொடுத்துவிட்டால் குழந்தை யாரிடம் பேசிப் பழகும்? திரை இடைவிடாமல் பேசுமே தவிர, குழந்தை ஏதாவது சொன்னால் நின்று கேட்காது. அதனால்தான் சில பிள்ளைகள் காணொளியில் பார்த்த நிறங்களின் ஆங்கிலப் பெயர்களை வரிசையாக ஒப்பித்தாலும், தாகம் எடுக்கும்போது தண்ணீர் கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுக்கின்றன. இரண்டு வயது நிறையும் வரை திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டியது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்கிற இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. துபாயிலிருந்து பேசும் அப்பா திரையில் தெரிந்தாலும் குழந்தைக்குப் பதில் சொல்கிறார் அல்லவா. மாலை முழுவதும் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் தொடருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

அடுத்த தவறு, பேச்சு என்ற பெயரில் தேர்வு வைப்பது. "இது என்ன? அது யாரு? மாமாவுக்குச் சொல்லு, மாடு எப்படிக் கத்தும்?" என்று விருந்தினர் முன்னால் அடுக்கடுக்காகக் கேட்கும்போது, பதில் தெரிந்த குழந்தைகூட வாயை மூடிக்கொள்கிறது. கேள்விகளைக் குறைத்து, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நாம் பேசுவதே பயன் தரும். மல்லிகை மொட்டுகளை முறத்தில் கொட்டி, நாரில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் அருகில் ஒன்றரை வயதுப் பிள்ளை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மொட்டு தரையில் விழுகிறது. பிள்ளை அதைக் காட்டி "பூ" என்கிறது. "ஆமா, பூவு கீழ விழுந்துருச்சு" என்கிறார் தாய். அத்தோடு நிறுத்திக்கொண்டு, கையிலிருக்கும் கண்ணியை முடிக்கும் வரை பேசாமல் இருக்கிறார். பிள்ளை மொட்டை எடுத்து நீட்டி "கீய" என்கிறது. "கீழ கெடந்துச்சா? எடுத்துக் குடுத்துட்டியா, ராசா!" பிள்ளை சொன்ன ஒரு சொல்லை வாங்கி, இன்னும் ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பித் தந்ததோடு அவர் வேலை முடிந்தது. இடையில் அவர் விட்ட அந்த ஐந்து, பத்து விநாடி மௌனத்தைத்தான் நம்மில் பலரால் தாங்க முடிவதில்லை; உடனே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்.

இதே உரையாடலில் "கீய இல்லடா, கீழ. ஒழுங்காச் சொல்லு" என்று திருத்தியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ர, ழ போன்ற ஒலிகள் குழந்தையின் நாவுக்குப் பிந்தித்தான் வசப்படும். நாம் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். மழலையைக் கேட்டுச் சிரித்து, அதையே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டச் சொல்வதையும் விட்டுவிடலாம். கூட்டுக் குடும்பங்களில் மற்றொன்றையும் காணலாம். குழந்தை கண்ணைத் திருப்பும் முன்பே பாட்டி தம்ளரை நீட்டுவார், அத்தை பொம்மையை எடுத்துத் தருவார், அக்கா அதற்குப் பதிலாகப் பேசியே விடுவாள். பாலா தண்ணீரா என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்பது ஆதாரமற்ற அச்சம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் ஒரு மொழியும் வெளியில் தமிழுமாகத்தான் வளர்கிறார்கள். பெற்றோர் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில், பள்ளிச் சேர்க்கையை நினைத்து, நாலைந்து ஏவல் சொற்களோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் கவலைக்குரியது.

நாக்கில் தேன் தடவுவது, வசம்பு உரைத்து ஊட்டுவது ஆகியவற்றால் பேச்சு வராது; ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது நச்சுக் கிருமியால் ஆபத்தையும் விளைவிக்கலாம். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதிலும் சில ஒலிகளிலும் சிரமம் வரலாமே தவிர, சொற்களே வராமல் போவதற்கு அது காரணமாகாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசுனாரு" என்று காத்திருப்பது. ஓராண்டு நிறைவில் மழலை ஒலியோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராவிட்டால், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், வந்த பேச்சு எந்த வயதிலாவது மறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதலில் சோதிக்க வேண்டியது காது. பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினோம், திரும்பினான் என்பது சோதனை ஆகாது. பேச்சொலி சரியாகக் கேட்காத குழந்தையும் அந்தப் பெருஞ்சத்தத்துக்குத் திரும்பலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும் என்பதால், கைக்குழந்தையாக இருந்தபோது சத்தம் போட்டதை வைத்தும் சமாதானம் கொள்ள முடியாது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் உண்டு. நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களில் பிறவிக் காது கேளாமைக்கான வாய்ப்பு கூடுதல் என்பதால், அத்தகைய குடும்பங்கள் பிறந்த முதல் மாதத்திலேயே செவித்திறன் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கே வந்து பார்க்கின்றன. அப்போது பேச்சைப் பற்றியும் கேட்பதைப் பற்றியும் நாமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நேரடியாகவும் செல்லலாம். கடுமையான காது கேளாமை உறுதியானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. காத்திருப்பில் கழியும் ஒவ்வொரு ஆண்டும் அந்தச் சிகிச்சையின் பலனைக் குறைத்துவிடும்.