கியர் நழுவியது, கோளாறு கியர்பொக்ஸில் இல்லை

எங்கள் பழைய ஓட்டோ கியர் கொரொல்லா கல்லடியிலிருந்து கல்முனைப் பக்கம் போகும்போது, வேகம் பிடிக்குமுன்னமே மேல் கியருக்குப் போய்விடும். மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமும், கார் இழுக்காது. கியர்பொக்ஸ் எண்ணெயை எஞ்சின் சூடாக ஓடும்போதே பார்த்தேன்: அளவு சரி, சிவப்பு மாறவில்லை, கருகிய மணமும் இல்லை. அப்படியிருந்தும் எண்ணெய், பில்டர் எல்லாம் மாற்றியாயிற்று, பலனில்லை. கராஜில் கியர்பொக்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கேட்ட காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

ஒன்றுதான் உறுத்தியது. முழுதாக மிதித்தாலும் கியர் கீழே இறங்கவே இல்லை. போனட்டைத் திறந்து, திரொட்டிலிலிருந்து (மிதிக்கும்போது திறந்து எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) கியர்பொக்ஸுக்குப் போகும் கேபிளைப் பார்த்தால் தொய்ந்து கிடக்கிறது! முன்பு திரொட்டிலைக் கழுவியவர்கள் நட்டை இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பொக்ஸுக்குச் சொல்வது இந்தக் கேபிள்தான். அது தொய்ந்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறையும், கியர்களைப் பிடிக்கும் கிளச்சுகள் நழுவும்.

ரப்பர் உறை உள்ள இந்த வகைக் கேபிளுக்கு, அக்சிலேட்டரை முழுதாக மிதித்த நிலையில் கேபிளில் பதித்த சின்ன உலோக மணிக்கும் உறையின் முனைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். எங்களுடையதில் மணி ரப்பருக்குள்ளேயே ஒளிந்திருந்தது. தம்பி மிதித்துப் பிடிக்க, இரண்டு நட்டையும் தளர்த்தி, மணி முனைக்கு வரும்வரை நகர்த்தி இறுக்கினேன். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கியர் பிந்தி, அடித்து விழும், கவனம். இப்போது ஒழுங்காக மாறுகிறது, அப்பாடா.