ஏற்றத்தில் மட்டும் வந்த கிரீச் சத்தம்

இங்கிலாந்தின் சர்ரே குன்றுகளில் குழுவாகச் சைக்கிள் ஓட்டும்போது, சமதளத்தில் என் வண்டி சத்தமே போடாது. பாக்ஸ் ஹில் ஏற்றம் தொடங்கியதும் மிதிக்கு ஒரு கிரீச். பெடல்களைக் கழற்றிக் கிரீஸ் தடவினேன், போகவில்லை. கடையில் கிராங்க் பேரிங்கையே (பெடல் கைகள் சுழலும் அச்சின் பேரிங்) மாற்றினார்கள். காசுதான் போனது.

294 மீட்டர் உயர லீத் ஹில்லில், பின்னால் வந்த நண்பர் ஒன்றைக் கவனித்தார்: எழுந்து நின்று மிதித்தால் சத்தம் இல்லை, உட்கார்ந்தால் திரும்புகிறது. நின்று மிதிக்கும்போது முழு எடையும் பெடலில்தான். அப்போதும் சத்தம் இல்லையென்றால் கோளாறு சீட் பக்கம். உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு சீட் கம்பியை உருவினால், பின்சக்கரம் வாரியடித்த வெளிறிய சுண்ணாம்பு மண் கம்பி சட்டத்துக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் அப்பியிருந்தது. துடைத்து, கிரீஸ் தடவி, அதே உயரத்தில் இறுக்கினேன். சத்தம் போயே போய்விட்டது, அப்பாடா! என்னுடையது அலுமினியம், கார்பன் கம்பி என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென உள்ள கார்பன் பேஸ்டைத் தடவுங்கள்.