பழைய டீசல் வண்டிக்கு ரகசிய சுவிட்ச்: எந்த ஒயரில் கை வைப்பது, எதைத் தொடக்கூடாது

பழைய டீசல் வண்டிகளின் சாவியில் சிப் எதுவும் கிடையாது. 1986-இல் வந்த டாடா 407 ஆகட்டும், 2005-இல் வந்த குட்டியானை ஆகட்டும், லாக் தேய்ந்துவிட்டால் வேறு வண்டியின் சாவிக்கே சில சமயம் திரும்பிவிடும். ஒயரிங் தெரிந்தவனுக்குச் சாவியே தேவையில்லை. அதனால்தான் டிரைவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சுவிட்சை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பெட்ரோல் வண்டிக்கு வைக்கிற மாதிரியே டீசலுக்கும் வைத்தால் பாதி வண்டிகளில் அது வேலைக்கு ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். டீசல் போய்க்கொண்டிருந்தால் போதும். எனவே சுவிட்ச் வாங்குவதற்கு முன் உங்கள் பம்பு டீசலை எப்படி நிறுத்துகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்பு உள்ள வண்டிகளுக்குத்தான். காமன் ரெயில் இன்ஜின் (டீசலைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வகை) என்றால் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர் எதையும் வெட்டாதீர்கள்.

முதலில் ஸ்டாப் சோலினாய்டைச் சோதியுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். ரோட்டரி பம்பாக இருந்தால் ஸ்டாப் சோலினாய்டு, அதாவது கரண்டால் இயங்கி டீசல் வழியைத் திறந்து மூடும் வால்வு, பெரும்பாலும் பம்பின் தலைப்பகுதியில் கட்டைவிரல் அளவுக்குத் திருகப்பட்டிருக்கும். உச்சியில் ஒற்றை ஒயர், அதன் மேல் ஒரு சின்ன நட். அந்த ஒயரைக் கழற்றுங்கள். கழற்றிய முனை பாடியில் பட்டால் ஃப்யூஸ் போய்விடும், பார்த்துப் பிடியுங்கள்.

ஒயர் வெளியே வந்ததும் இன்ஜின் நின்றால், அது கரண்ட் இருந்தால்தான் ஓடும் வகை. உள்ளே ஸ்பிரிங் ஒரு பின்னைத் தள்ளி டீசல் வழியை மூடி வைத்திருக்கிறது. கரண்ட் வந்தால்தான் பின் மேலே எழும். இந்த வகை வண்டியில் ரகசிய சுவிட்ச் அருமையாக வேலை செய்யும்.

ஒயரைக் கழற்றியும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால், அது கரண்ட் கொடுத்தால் நிற்கும் வகை. இதில் அந்த ஒயரை வெட்டினால் திருடனுக்கு ஒரு தடையும் இல்லை, உங்களுக்குத்தான் இன்ஜினை நிறுத்த வழியில்லாமல் போகும். இன்னும் பழைய இன்லைன் பம்பு வண்டிகளில் சோலினாய்டே இருக்காது, கையால் இழுக்கும் ஸ்டாப் கேபிள் இருக்கும். இந்த இரண்டுக்கும் ரகசிய சுவிட்சைச் செல்ஃப் பக்கத்தில்தான் போட வேண்டும்.

செல்ஃப் லைனில் ரிலே

எந்த வண்டிக்கும் பொருந்துவதும், ரோட்டில் ஆபத்து குறைந்ததும் இதுதான். செல்ஃப் லைனில் என்ன கோளாறு வந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவே. ஓடுகிற வண்டி நடுவழியில் நிற்காது.

சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் 50 என்ற முனைக்கு ஒரு ஒயர் வரும். அதில் நேராக ஒரு சின்ன டாக்கிள் சுவிட்சைப் போட்டுவிடுவது பலர் செய்யும் வேலை, அதுதான் முதலில் கருகுவதும். செல்ஃப் சோலினாய்டு (மோட்டாரை இயக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கும் அந்த நொடியில் 30, 40 ஆம்பியர் வரை போகும். ஐந்து ஆம்பியர் சுவிட்ச் அதைத் தாங்காது. நடுவில் ரிலே வேண்டும்: சின்ன கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச் அது. குட்டியானை போன்ற சின்ன வண்டிக்கு 40 ஆம்பியர் ரிலே போதும். 407 அளவு என்றால் 70 ஆம்பியர் வாங்குங்கள். 24 வோல்ட் லாரிக்குக் கட்டாயம் 24 வோல்ட் ரிலே. 12 வோல்ட் ரிலேயை வாங்கிவிட்டு, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அந்த ஒரு பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். கனரக லாரிகள் பலவற்றில் ஸ்டார்ட்டர் ரிலே ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் புதிது வேண்டாம், அதன் காயில் (ரிலேயை இழுக்கும் கம்பிச் சுருள்) எர்த்துக்குப் போகும் வழியில் ரகசிய சுவிட்ச் வைத்தாலே போதும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். 50-க்குப் போகும் ஒயரை வெட்டி, சாவிப் பக்கத்து முனையை ரிலேயில் 30 என்று எழுதிய காலில் கொடுங்கள். அதே முனையிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயரை 86-க்கும் கொடுங்கள். செல்ஃப் பக்கத்து முனை 87-க்கு. காயிலின் மறுமுனையான 85-லிருந்து ஒரு மெல்லிய ஒயர் ரகசிய சுவிட்சுக்குப் போய், சுவிட்சின் மறுமுனை பாடியில் எர்த் ஆகட்டும். 30-க்கும் 87-க்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வேண்டும், 70 ஆம்பியர் ரிலே என்றால் 4. சுவிட்சுக்குப் போவது 1 சதுர மில்லிமீட்டரே தாராளம், ஏனென்றால் அதில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு.

இந்த இணைப்பு முறையை மாற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரகசிய சுவிட்சின் ஒயர் எர்த் பக்கம் இருப்பதால், எங்காவது உரசி பாடியில் பட்டாலும் தீப்பிடிக்காது. வண்டி பூட்டு இல்லாத பழைய வண்டி போல ஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான். காயிலுக்கும் சாவியைத் திருப்பும்போது மட்டுமே கரண்ட் போகிறது, ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குடிக்காது. சில எலக்ட்ரீஷியன்கள் 30-க்கு நேராகப் பேட்டரியிலிருந்து லைன் எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால், ரிலேயின் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும் அன்றைக்கு, சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். மோட்டார் கருகும், ஒயரிங்கும் எரியலாம். நாம் சொன்ன முறையில் பாயின்ட் ஒட்டினாலும் செல்ஃப் நின்றுவிடும், பூட்டு மட்டும்தான் போகும். அது போனது வெளியே தெரியாது என்பதால், மாதம் ஒருமுறை சுவிட்சைப் பூட்டு நிலையில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

இணைத்து முடித்ததும் மல்டிமீட்டரை 30-க்கும் 87-க்கும் நடுவே வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் லக் (ஒயர் முனையில் அழுத்தும் உலோகத் துண்டு) சரியாக அழுந்தவில்லை, அல்லது ரிலே தரமில்லை. செல்ஃப் அடிக்கையில் ரிலே டக் டக் என்று துடித்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், அடுத்து 85-இன் எர்த்தை. பெயின்ட் மேல் வாஷர் வைத்து முறுக்கிய எர்த் பத்து நாள் தாங்காது. இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, முறுக்கிய பின் கிரீஸ் தடவுங்கள்.

டீசலை நிறுத்தும் சுவிட்ச்

செல்ஃப் பூட்டுக்கு ஒரு குறை உண்டு. இறக்கத்தில் நிற்கும் வண்டியைத் தள்ளியோ, கயிறு கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்துவிடலாம். உங்கள் பம்பு கரண்ட் இருந்தால் ஓடும் வகை என்றால், இரண்டாவது பூட்டைச் சோலினாய்டு லைனில் வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. செல்ஃப் அடியோடு சத்தமே இல்லையென்றால் எங்கோ சுவிட்ச் இருக்கிறது என்று திருடன் தேட ஆரம்பிப்பான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் டீசல் இல்லை, ஏர் லாக் (பைப்பில் காற்று அடைப்பு) என்று நினைத்துக் கிளம்பிவிட வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பூட்டுதான் வைக்கப் போகிறீர்கள், பம்பும் இந்த வகை என்றால், டீசல் பூட்டையே வையுங்கள்.

ஆனால் இந்த லைனில் ஒரு லூஸ் கனெக்ஷன் ஓடுகிற இன்ஜினை நிறுத்திவிடும். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் சில அழுத்தலுக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும்போது இது நடக்கவே கூடாது. அதனால் சோலினாய்டு லைனை 30-க்கும் 87ஏ-க்கும் நடுவே விடுங்கள். ரிலே சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும் பாயின்ட் அது. 86-க்குச் சாவியின் ஆன் லைனிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகக் கரண்ட், 85-லிருந்து ரகசிய சுவிட்ச் வழியாக எர்த். சுவிட்சை மூடினால் சாவி போட்டதும் ரிலே இழுத்து டீசலை வெட்டும். காயில் பக்கம் ஒயர் அறுந்தாலும் ஃப்யூஸ் போனாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். காயில் ஒயரைக் கண்டுபிடித்து அறுப்பவனிடம் இது தோற்கும் என்பது உண்மைதான். அந்தக் குறையை ஏற்றுக்கொள்வதே சரி. மலை ரோட்டில் டிரைவர் உயிரை விடப் பூட்டு பெரிதில்லை. ஓட்டும்போது முழங்காலோ துணியோ தட்டிவிடாத இடத்தில்தான் இந்தச் சுவிட்ச் இருக்க வேண்டும்.

டேங்கிலிருந்து வரும் டீசல் பைப்பில் ஒரு வால்வை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. பைப்பில் இருக்கும் மிச்ச டீசலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும், அதுவும் நடுரோட்டில். ஒவ்வொரு முறையும் ஏர் பிடிக்கும், நீங்கள் உட்கார்ந்து ஏர் எடுக்க வேண்டும். தினம் ஓடும் வண்டிக்கு இது வேண்டாம். பல நாள் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு வேண்டுமானால் சரி.

கேபிள் ஸ்டாப்பர் உள்ள வண்டிக்கு மின்சாரமே தேவையில்லை. கேபிளை முழுக்க இழுத்த நிலையில் கேபினுக்குள் ஒரு கிளாம்ப் போட்டுப் பூட்டிவிட்டால், தள்ளினாலும் இன்ஜின் பிடிக்காது.

பேட்டரி கட்-ஆஃப்

மேலே சொன்ன இரண்டையும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் போட்டுத் தாண்டத் தெரிந்தவனும் இருக்கிறான். அவனுக்காகத்தான் மைனஸ் கேபிளில் கட்-ஆஃப் சுவிட்ச். சாவியைக் கழற்றி எடுக்கும் வகையை வாங்குங்கள். சின்ன டீசலுக்குத் தொடர்ந்து 200 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும், கேபிள் 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பேட்டரி முனையிலேயே மாட்டும் பச்சைக் குமிழ் வகை அதிர்வில் தளர்ந்து சூடாகும், கண்ணுக்கும் தெரியும். இன்ஜின் ஓடும்போது கட்-ஆஃபைத் திருப்பினால் டைனமோவின் டயோடும் ரெகுலேட்டரும் போகும். இன்ஜின் நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும் என்று வண்டியைத் தொடும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஜிபிஎஸ் இருந்தால் அதன் பிளஸ், மைனஸ் இரண்டையும் பேட்டரி முனையிலேயே கொடுங்கள், இல்லையென்றால் கட்-ஆஃப் போட்டதும் அதுவும் தூங்கிவிடும். இரண்டு ஒயரிலும் 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். மைனஸுக்கு எதற்கு ஃப்யூஸ் என்றால், கருவியின் உலோகக் கூடு எங்காவது பாடியில் பட்டிருந்தால், கட்-ஆஃப் போட்டிருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்தால், மொத்த செல்ஃப் கரண்ட்டும் அந்த நூல் ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஃப்யூஸ் இல்லாவிட்டால் ஒயர் எரியும்.

எங்கே ஒளிப்பது

டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் தண்டு ஓரம், சீட்டுக்கு அடியில்: கை முதலில் போகும் இடங்கள் இவை. புதிதாக ஒரு சுவிட்சை மறைப்பதைவிட, வண்டியிலேயே இருந்து பயன்படாமல் கிடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வது மேல். எரியாத ஃபாக் லைட் சுவிட்சோ, ஓடாத ஃபேன் சுவிட்சோ இருந்தால் அதன் பழைய ஒயரைக் கழற்றிவிட்டு இதைக் கொடுங்கள். தேய்ந்த, அழுக்கேறிய சுவிட்சை யாரும் சந்தேகிப்பதில்லை. அதை மாற்றிப் புதிது போடாதீர்கள்.

கையால் போடும் சுவிட்சே வேண்டாமென்றால், காந்தம் அருகில் வந்தால் சேரும் ரீட் சுவிட்ச் வைக்கலாம். செல்ஃப் ரிலேக்கு இது நன்றாகப் பொருந்தும். பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, சாவிக்கொத்தில் இருக்கும் காந்தத்தை அந்த இடத்தில் காட்டியபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இரும்புத் தகட்டுக்குப் பின்னால் வைத்தால் காந்தம் எட்டாது. ரீட் அரை ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும், காயில் அணையும்போது கிளம்பும் மின் துடிப்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் 85-க்கும் 86-க்கும் நடுவே ஒரு 1என்4007 டயோடு வையுங்கள், வெள்ளைக் கோடு 86 பக்கம்.

ரிலேயைச் சாவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேபினிலிருந்து இன்ஜினுக்கு ஒயர் கட்டு இறங்கும் வழியில், கட்டுக்குள்ளேயே சுற்றிவிடுங்கள். ஒயர் நிறமும் காட்டிக்கொடுக்கும். காயலான் கடையில் அதே மாடலின் பழைய ஒயரிங்கிலிருந்து இரண்டு மீட்டர் வெட்டி வாங்கினால், மங்கிய நிறம் அப்படியே பொருந்தும். டேப்பையும் தூசும் கிரீஸும் தடவிப் பழசாக்குங்கள். கறுத்த கட்டில் பளபளக்கும் புது டேப் இருந்தால், டார்ச் அடித்ததும் கண் அங்கேதான் போகும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட் டீசல் வண்டியின் அதிர்வில் நிற்காது. லக் அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஜாயின்ட்டுக்கு இருபுறமும் ஒரு சாண் தூரத்துக்குள் கட்டிவிடுங்கள்.

எந்த ஒயர் எங்கே போகிறது என்ற படத்தை வரைந்து வீட்டில் வையுங்கள், வண்டியில் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பிலோ வாட்டர் சர்வீஸிலோ விடும்போது பூட்டை எடுத்துவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகும் நிலையிலேயே கொடுத்துவிடுங்கள். இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் மாறினால் இடத்தையும் மாற்றுங்கள். எர்த் பக்கத்து மெல்லிய ஒயர்தான் என்பதால் அரை மணி நேர வேலை அது.

டீக்கடையில் இன்ஜினை ஓடவிட்டு இறங்கினால் இதில் எதுவும் உதவாது. வண்டி காணாமல் போய் இன்சூரன்ஸ் கேட்கும்போது கம்பெனி வழக்கமாகக் கேட்பது எஃப்.ஐ.ஆரும் இரண்டு ஒரிஜினல் சாவிகளும். இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தால் இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.