பர்கண்டியில நாலு நாள்: ஒயினும் சாப்பாடும் நல்லா அமையணும்னா எப்படி பிளான் பண்றது

பிரான்ஸ் கிராமத்துப் பக்கம் போய் நல்ல ஒயின் குடிச்சு நல்லா சாப்பிட்டு வரணும்னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது, ஊர் எண்ணிக்கையை குறைங்க. போர்டோ, ஷாம்பெய்ன், லுவார், ப்ரொவான்ஸ்னு ஒரே வாரத்துல எல்லாத்தையும் தொட்டுட்டு வரலாம்னு கிளம்பினா பாதி நாள் ரோட்லயும் ஸ்டேஷன்லயும் கழிஞ்சிடும். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன், ஆறு நாள்ல நாலு ஏரியா, இப்போ யோசிச்சா எந்த ஒயினை எந்த ஊர்ல குடிச்சேன்னே ஞாபகம் இல்ல. அடுத்த தடவை பர்கண்டி மட்டும், அதுலயும் கோத் தோர்னு சொல்ற ஒத்த திராட்சைத் தோட்டச் சரிவு மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டுப் போனேன். டிஜோன் பக்கத்துல ஆரம்பிச்சு தெக்கால சாந்தனே வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர், அகலம் பல இடத்துல ரெண்டு கிலோமீட்டர் கூட வராது. அவ்ளோதான் இடம். ஆனா உலகத்துல ரொம்ப விலை போற ஒயின்ல பாதிப் பேரு இந்த சின்ன சரிவுல இருந்துதான் வருது, அந்த சரிவை காலால நடந்து பார்த்தப்பதான் ஒயினே எனக்குப் புரிய ஆரம்பிச்சுது.

எப்போ போறதுன்னா, மே கடைசி, ஜூன் ரொம்ப நல்லா இருக்கும். செப்டம்பர்ல அறுவடை நடக்கும், பார்க்க அழகு, ஆனா ஒயின் பண்றவங்க எல்லாரும் ராத்திரி பகலா வேலையில இருப்பாங்க, உங்களுக்கு உக்காந்து ஊத்திக் குடுக்க ஆள் கிடைக்காது. ஆகஸ்ட்ல பல குடும்பம் லீவுல போயிடும், ஜனவரியில ஹோட்டல் நிறைய மூடியிருக்கும். நவம்பர் மூணாவது ஞாயிறு ஒட்டி போகாதீங்க, அந்த வாரம் இந்தச் சரிவுல இருக்குற போன் (Beaune)ங்கிற டவுன்ல ஒயின் ஏலம் நடக்கும், 1859ல இருந்து நடக்குற ஏலம், ரூம் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் விலை ஏறிக் கிடக்கும்.

போய் சேர்றது ஈஸி. பாரிஸ்ல கார் து லியோன் ஸ்டேஷன்ல டிஜிவிங்கிற அதிவேக டிரெயின் ஏறினா ஒன்றரை மணி நேரம் கொஞ்சம் கூட, டிஜோன் வந்துடும், அங்க லோக்கல் டிரெயின் மாறினா இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல போன். டிஜிவி டிக்கெட்டை எவ்ளோ முன்னாடி எடுக்குறீங்களோ அவ்ளோ விலை கம்மி, லோக்கல் டிரெயினுக்கு அவசரமே இல்ல. நாலு ராத்திரியும் போன்லயே தங்குங்க. பெட்டியை தினமும் கட்டாதீங்க. டவுன் சின்னது, பழைய கோட்டைச் சுவர் சுத்தி இருக்கும், எல்லா இடத்துக்கும் நடந்தே போயிடலாம்.

முதல் நாள் ஒயின் ருசி பார்க்க எங்கயும் புக் பண்ணாதீங்க, இதை அழுத்தியே சொல்றேன். காலையில ஒஸ்பிஸ் போங்க, 1443ல நிக்கோலா ரோலான்கிறவரும் அவர் மனைவி கிகோன் து சலானும் ஏழைங்களுக்காக கட்டின ஆஸ்பத்திரி. கலர் கலரா பளபளக்குற ஓடு போட்ட கூரை, உள்ள வரிசையா மரக் கட்டில், கட்டிலுக்கு சிவப்புத் திரை. அந்தக் காலத்துல இருந்து ஜனங்க இந்த ஆஸ்பத்திரிக்கு திராட்சைத் தோட்டத்தை எழுதி வெச்சிருக்காங்க, அந்தத் தோட்டத்து ஒயினைத்தான் நவம்பர்ல ஏலம் விடறாங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பொம்மார் கிராமம் வரைக்கும் நடங்க, நாலு கிலோமீட்டருக்குள்ள தான். நடக்கும்போது இதை கவனிங்க: மெயின் ரோட்டை ஒட்டி கீழ தட்டையா இருக்குற நிலம், அதுக்கு மேல சரிவோட நடுப்பகுதி, அதுக்கும் மேல உச்சியில காடு. நடுவுல சுண்ணாம்புக் கல்லு கலந்த மண்ணு, தண்ணி தேங்காது, கிழக்கப் பார்த்து இருக்குறதால காலை வெயில் முழுசா விழும். பெரிய பேரெல்லாம் அந்த நடு வயித்துலதான் இருக்கு. கீழ மண்ணு கனமா ஈரமா இருக்கும், அங்க விளையறது சாதா ஒயின். கொடிங்க இடுப்பளவு உயரம்தான், ஒரு ஹெக்டேர்ல சுமார் 10,000 கொடி நெருக்கி நட்டிருப்பாங்க. வரிசைக்குள்ள இறங்காதீங்க, பழத்தை பறிக்காதீங்க, பாதையிலயே நில்லுங்க, அது ஒருத்தரோட வருஷ வருமானம்.

இந்த நிலத் துண்டு ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு, அதை க்ளிமான்னு சொல்லுவாங்க, மொத்தம் 1,247. 2015ல யுனெஸ்கோ இதை உலக பாரம்பரிய இடமா சேர்த்துது. நம்ம ஊர்ல வாய்க்காமேட்டு வயல், கோயில் வயல்னு ஒவ்வொரு வயலுக்கும் பேர் வெச்சுக் கூப்பிடுற பழக்கம் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிடும்.

லேபிள் படிக்கிறதுக்கு இது போதும். நாலு படி இருக்கு. கீழ வெறும் பர்கண்டி, அதாவது பூர்கோய்ன்னு போட்டிருக்கும், அடுத்து கிராமத்துப் பேரு, அதுக்கு மேல ப்ரெமியே க்ரு, உச்சியில க்ராண்ட் க்ரு, க்ருன்னா தரம் குடுத்த தோட்டம். சிவப்புன்னா பினோ நுவார், வெள்ளைன்னா ஷார்டனே, அனேகமா இந்த ரெண்டு திராட்சைதான். நிறைய பேர் ஏமாறுற ஒரு இடம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல கிராமங்க தங்களோட பேமஸ் தோட்டத்துப் பேரை ஊர் பேரோட சேர்த்துக்கிச்சுங்க, ஜெவ்ரே 1847ல ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆச்சு, புலினி 1879ல புலினி-மோன்ராஷே ஆச்சு. அதனால பாட்டில்ல புலினி-மோன்ராஷேன்னு மட்டும் இருந்தா அது கிராமத்து ஒயின், வெறும் மோன்ராஷேன்னு இருந்தாதான் அந்த க்ராண்ட் க்ரு தோட்டம். விலையில பல மடங்கு வித்தியாசம், கடைக்காரர் பொய் சொல்லல, நாமதான் லேபிளை சரியா படிக்கணும்.

அதைவிட முக்கியம் யார் பண்ணாங்கன்னு பாக்குறது. க்ளோ து வூஜோன்னு சுவர் கட்டின ஒரு பெரிய தோட்டம் இருக்கு, சுமார் 50 ஹெக்டேர், பல நூறு வருஷம் சிஸ்டர்சியன் துறவிங்க கையில இருந்துது. பிரெஞ்சு புரட்சியில சர்ச் நிலத்தை அரசாங்கம் எடுத்து வித்துடுச்சு, 1889ல அந்தத் தோட்டத்தை பல பேருக்குப் பிரிச்சு வித்தாங்க, அப்புறம் நெப்போலியன் சட்டப்படி அப்பா சொத்து பிள்ளைங்களுக்கு சமமா பிரியணும், பிரிஞ்சு பிரிஞ்சு இன்னைக்கு அந்த ஒரே சுவருக்குள்ள சுமார் 80 உரிமையாளருங்க. ஒருத்தருக்கு நாலு வரிசைக் கொடி, இன்னொருத்தருக்கு மேட்டுல நல்ல இடம், வேற ஒருத்தருக்கு ரோட்டோரப் பள்ளம், ஆனா எல்லார் பாட்டில்லயும் அதே பேரு. அதனால தோட்டத்துப் பேரை மட்டும் பார்த்து காசு போடாதீங்க.

ரெண்டாவது நாள்தான் டேஸ்டிங். சும்மா கதவைத் தட்டினா வேலை ஆகாது, இங்க முக்கால்வாசி சின்ன குடும்பங்க, மூணு நாலு வாரம் முன்னாடியே மெயில் போட்டு நேரம் வாங்கணும். மெயில்ல எத்தனை பேர், எந்த நாள், பிரெஞ்சு தெரியுமா தெரியாதாங்கிறதை சொல்லிடுங்க. நிறைய இடத்துல தலைக்கு 15லருந்து 30 யூரோ கேப்பாங்க. காசு வாங்காம ஊத்திக் குடுத்தா ரெண்டு பாட்டிலாவது வாங்கிட்டு வாங்க, அதுதான் மரியாதை. ஒரு நாளைக்கு ரெண்டு இடம், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அதுக்கு மேல நாக்கு மரத்துப் போயிடும். சென்ட் போட்டுட்டுப் போகாதீங்க, அங்க எல்லாமே மூக்கு வேலைதான்.

மெர்சோ கிராமத்துப் பக்கம் ஒயின் பண்ற ஒரு வீட்டுக்கு கீழ இருக்குற நிலவறைக்குப் போனது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. குறுகலான கல் படி, கீழ போகப் போக குளிர் ஏறுது, சுவர் பூரா கரும் பூஞ்சை படிஞ்சு தொட்டா வெல்வெட் மாதிரி இருக்கு. அந்த வீட்டு அம்மா நீளமான கண்ணாடிக் குழாயை பீப்பாய்க்குள்ள விட்டு மேல் துளையை விரலால மூடி எடுத்தாங்க, கிளாஸ்ல ரெண்டு மடக்கு அளவுக்கு விட்டாங்க. முதல்ல வோல்னேங்கிற கிராமத்து ஒயின், செர்ரி வாசனை, நாக்குல வழுக்கிட்டுப் போச்சு. அடுத்து பொம்மார். அதே திராட்சை, அதே வருஷம், அதே கை. பொம்மார்ல ஈர மண் வாசனை, முழுங்கினதும் பாக்கு மென்ன மாதிரி கன்னத்துல ஒரு துவர்ப்பு பிடிச்சு நிக்குது. ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல என்ன இருக்குன்னு கேட்டேன், ஒரு வண்டிப் பாதைன்னாங்க. முந்தின நாள் நான் நடந்துட்டு வந்த பாதை. முதல் நாள் நடங்கன்னு நான் இவ்ளோ சொல்றதுக்கு காரணம் அதுதான்.

துப்புறதுக்கு பக்கெட் வெச்சிருப்பாங்க, துப்புங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, துப்பறவங்கதான் கவனிச்சு குடிக்கிறவங்கன்னு அவங்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டறவர் கண்டிப்பா துப்பணும், ஒரு லிட்டர் ரத்தத்துல 0.5 கிராமுக்கு மேல ஆல்கஹால் ஏறக் கூடாது, லைசென்ஸ் எடுத்து கொஞ்ச வருஷமே ஆனவங்களுக்கு 0.2 தான். சைக்கிளுக்கும் அதே 0.5 சட்டம்.

இப்போ சாப்பாடு. இதுல நேரம்தான் எல்லாம். மதியம் 12 மணிக்கு ஹோட்டல் திறக்கும், ஒன்றரைக்கு மேல போனா கிச்சன் மூடிடும், ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். நாங்க ஒரு கிராமத்துல ரெண்டே காலுக்குப் போய் நின்னோம், மேஜை எல்லாம் காலியா இருக்கு, ஆனா முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் பையில இருந்த பிஸ்கட்தான். ஞாயிறு ராத்திரி, திங்கள், சில இடத்துல செவ்வாயும் லீவு, அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே எந்த நாள் எங்க சாப்பாடுன்னு எழுதி வெச்சுக்கோங்க. உள்ள நுழைஞ்சதும் போன்ஜூர் சொல்லுங்க, அது சொல்லாம நேரா மேஜை கேட்டா முகம் மாறிடும். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைங்க, ஃபோர்முல்னு ஒரு செட் இருக்கும், ரெண்டு மூணு ஐட்டம், சுமார் 20லருந்து 30 யூரோ, அதே ஹோட்டல்ல ராத்திரி தனித்தனியா ஆர்டர் பண்ணா எங்கயோ போயிடும். தண்ணிக்கு கராஃப் தோன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி ஜாடியில ஃப்ரீயா வரும். சர்வீஸ் சார்ஜ் விலையிலயே சேர்ந்திருக்கும்.

என்ன சாப்பிடலாம்னா, முதல்ல கீர். அலிகோதே வெள்ளை ஒயின்ல பிளாக்கரன்ட்டுங்கிற சின்ன கருப்புப் பழத்துல பண்ற மதுவை கொஞ்சம் விட்டுக் குடுப்பாங்க, பேரு டிஜோன் மேயரா இருந்த ஃபெலிக்ஸ் கீர்கிற பாதிரியார்னால வந்தது. கூட கூஜேர்னு சீஸ் போட்டு சுட்ட குட்டி பஃப், சூடா வாயில போட்டா உள்ள வெறும் காத்தும் சீஸ் மணமும்தான். அப்புறம் முரெட் முட்டை, இதை விட்டுடாதீங்க. ஓடு இல்லாம வேகவெச்ச முட்டை, சிவப்பு ஒயினை வெங்காயம், பன்றி இறைச்சித் துண்டு போட்டு நல்லா வத்தவிட்ட கருஞ்சிவப்பு சாஸ்ல மிதக்கும். மஞ்சக் கருவை உடைச்சதும் அது சாஸோட கலக்கும், ரொட்டியைப் பிச்சு துடைச்சு சாப்பிடணும். மாட்டுக்கறி சாப்பிடறவங்க பெஃப் பூர்கின்யோன், மத்தவங்க கொக்கோ வான், அதாவது ஒயின்ல மெதுவா வெந்த கோழி. பக்கத்துல ப்ரெஸ் ஏரியா கோழி கிடைச்சா காசு பார்க்காதீங்க, வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால், 1957ல இருந்தே சட்டப்படி பேர் பாதுகாப்பு இருக்குற கோழி.

சைவம்னா கஷ்டம்னு நேராவே சொல்லிடறேன், சாஸ் எல்லாம் பெரும்பாலும் கறி வேகவெச்ச தண்ணியில பண்றாங்க. மேஜை புக் பண்ணும்போதே மெயில்ல எழுதிடுங்க, பாதி நாள் மார்க்கெட்ல வாங்கி சாப்பிடுங்க, அது குறைஞ்ச சாப்பாடே இல்ல. போன்ல சனிக்கிழமை பெரிய சந்தை, புதன் சின்னது, அதனால உங்க நாலு நாள்ல ஒரு சனி வர்ற மாதிரி டிக்கெட் எடுங்க. ரொட்டி, தக்காளி, செர்ரி, கூட எப்புவாஸ் சீஸ். மர டப்பாவுல வரும், ஆரஞ்சு தோலு, மார்க்னு ஒரு சாராயத்தால கழுவிக் கழுவி பழுக்க வெக்கிறது. நாத்தம் பலமா அடிக்கும், பயப்படாதீங்க, நல்லா பழுத்தது ஸ்பூன்ல எடுக்குற மாதிரி வழியும், வாயில உப்பும் வெண்ணெயுமா அவ்ளோ மிருதுவா இருக்கும். ஹோட்டல் ரூம்ல மட்டும் வெச்சுக்காதீங்க. கடுகு அரைக்கிற பழைய மில் ஒண்ணும் டவுன்லயே இருக்கு, ஃபாலோன்னு பேரு, 1840ல இருந்து, இன்னும் கல்லுலதான் அரைக்கிறாங்க, சுத்திக் காட்டுவாங்க.

மூணாவது நாள் சைக்கிள். போன்ல இருந்து சாந்தனே வரைக்கும் தோட்டத்துக்கு நடுவுல பாதை போட்டிருக்காங்க, சுமார் 22 கிலோமீட்டர், பொம்மார், வோல்னே, மெர்சோ, புலினின்னு ஊர் ஊரா போகும். முழுசா போகணும்னு இல்ல, மெர்சோ வரைக்கும் போய் அங்க மதியம் சாப்பிட்டுத் திரும்பினா அருமையான நாள். மேடு பள்ளம் இருக்கு, பழக்கம் இல்லாதவங்க எலக்ட்ரிக் சைக்கிள் எடுங்க.

நாலாவது நாள் வடக்க. வோன்-ரொமானே கிராமத்துல ரொமானே-கொன்டி தோட்டம், உலகத்துலயே ரொம்ப விலை போற ஒயின்ல ஒண்ணு வர்ற இடம், 1.8 ஹெக்டேர்தான், ஓரமா ஒரு கல் சிலுவை, அதுக்குப் பக்கத்துல நின்னு பாருங்க. காவல் கிடையாது, கம்பி வேலி கிடையாது, குட்டைச் சுவர்தான். அங்கிருந்து க்ளோ து வூஜோ நடந்தே போயிடலாம்.

ஊருக்கு எடுத்துட்டு வர்றது: இந்தியாவுக்குள்ள ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி இல்ல, அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு. கேபின் பையில விட மாட்டாங்க, செக்-இன் பெட்டியில துணி சுத்தி நடுவுல வைங்க. வந்த உடனே திறக்காதீங்க, ரெண்டு வாரம் இருட்டா குளிர்ச்சியா இருக்குற இடத்துல படுக்க வெச்சிடுங்க. திறக்குற அன்னிக்கு சிவப்பு ஒயினா இருந்தாலும் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, நம்ம ரூம் சூட்டுல பினோ நுவாரை ஊத்தினா சாராய நெடி மட்டும்தான் வரும், அந்த செர்ரி வாசனை வரவே வராது.