ஏரிக்கரையில் நீர்முள்ளியை அடையாளம் காண்பது எப்படி?
ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஏரி ஓரச் சகதியிலோ வாய்க்கால் கரையிலோ தேடுங்கள். செருப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள். செடி அதிகம் கிளைக்காமல் நிமிர்ந்து நிற்கும். நான் முதலில் பூவைப் பார்ப்பதில்லை, கணுவைத்தான் பார்ப்பேன்: வட்டமாகச் சூழ்ந்த ஆறு இலைகள், அவற்றில் வெளிப்பக்கத்து இரண்டு மட்டும் நீளம். கூடவே ஆறு மஞ்சள் முட்கள், ஒரு அங்குலத்துக்கு மேலேயும் நீளும். அவற்றுக்கு நடுவே இரண்டு உதடு விரித்த ஊதாப் பூக்கள். கனகாம்பரத்தின் குடும்பம்தான், ஆனால் தலையில் வைக்க ஆகாது!

கண்டங்கத்திரியும் ஊதாதான். அது தரையில் படரும், இலையிலேயே முள் இருக்கும்.

இன்னும் சந்தேகமா? சரி, காய்ந்த காயை உடைத்து நாலு விதையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். சப்ஜா விதை போல வழவழவென்று கூழாகி ஒட்டிக்கொள்ளும்.