'நீங்கள் மட்டும் யோக்கியமா?' என்ற கேள்வியை எடைபோடுவதில் நேரும் தவறுகள்

ஒரு சங்கத்தின் பொதுக்குழுவில், இரண்டு மாத ரசீதுகள் எங்கே என்று முன்னாள் பொருளாளர் கேட்க, "உங்கள் காலத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்ததா?" என்று இப்போதைய பொருளாளர் திருப்பிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் அதனால் ரசீதுகள் வந்து சேர்ந்துவிடுவதில்லை. எதிராளியின் இரட்டை வேடத்தை அம்பலப்படுத்திவிட்டாலே அவருடைய வாதம் வீழ்ந்துவிட்டது என்று எண்ணுவதுதான் மிகப் பரவலான தவறு. புகைபிடிக்கும் மருத்துவர் எச்சரித்தாலும், புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பது உண்மைதான்.

இதற்கு நேர்மாறான தவறு, வாதமுறைகளைப் பற்றிச் சற்றுப் படித்தவர்களிடம் அதிகம். முரண்பாட்டை யார் சுட்டினாலும் "பேச்சைத் திசைதிருப்பாதீர்கள்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இதுவே கூடுதல் தீங்கானது என்பேன்; கேட்டே ஆகவேண்டிய கேள்வியை நியாயத்தின் பெயராலேயே இது தள்ளிவிடுகிறது. தமக்கு மன்னிக்கப்பட்ட அதே குறைக்காக, அந்த முன்னாள் பொருளாளர் மற்றவரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னால், அங்கே தண்டனையின் அளவுகோலும் விவாதப் பொருளாகிவிடுகிறது. அது எல்லோருக்கும் ஒன்றுதானா என்று கேட்பவர் எதையும் திசைதிருப்பவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946இல் ஜெர்மன் கடற்படைத் தளபதி கார்ல் டோனிட்ஸின் வழக்கில் குற்றம் நடந்ததா என்பதற்கும் தண்டனையின் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதானா என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் எதிர்கொண்டது. பசிபிக் கடலில் அமெரிக்காவும் போரில் இறங்கிய முதல் நாளிலிருந்தே வரம்பற்ற நீர்மூழ்கிப் போரை, அதாவது வணிகக் கப்பல்களையும் எச்சரிக்காமல் தாக்கும் போரை, நடத்தியது என்று அமெரிக்கத் தளபதி செஸ்டர் நிமிட்ஸ் எழுத்துமூலம் தெரிவித்ததைப் பிரதிவாதித் தரப்பு முன்வைத்தது. நீர்மூழ்கிப் போர் விதிகளை டோனிட்ஸ் மீறியதைத் தீர்ப்பாயம் மறுக்கவில்லை. ஆயினும் நிமிட்ஸின் பதிலையும் ஸ்காகெராக் நீரிணையில் கண்ட கப்பல்களையெல்லாம் மூழ்கடிக்கச் சொன்ன பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் 1940ஆம் ஆண்டு ஆணையையும் கருதி, அந்த மீறல்களைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட 10 ஆண்டுச் சிறை பிற குற்றங்களுக்கானது.

கருத்து மாறியவரை வேடதாரி என்பதும் தவறே. முன்பு சொன்னது பிழை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர், இன்றைய அளவுகோலைத் தமக்கும் பொருத்திக்கொள்கிறாரா என்று பார்த்தால் போதும்.

"அன்றைக்கு உங்கள் ஆட்கள் எங்கே போயிருந்தார்கள்?" என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு கட்சியோ அரசோ அமைப்பாகப் பேசும்போது, அதன் பழைய மௌனத்தை அதனிடமே கேட்கலாம். தனி மனிதரிடம் கேட்பதானால், அவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். தம் தரப்பையே எதிர்த்துப் பேசியவராகவும் அவர் இருக்கக்கூடும்.