செகண்ட் ஹேண்ட் மவுண்டன் சைக்கிள் (எம்டிபி) வாங்கும் முன்: சைக்கிள் இத்தனை நாள் எங்கே நின்றது என்று கேளுங்கள்

சென்னையில் பத்தாயிரம் ரூபாய்க்குள் பழைய மவுண்டன் சைக்கிள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். என்ன பிராண்டு, வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு. இரண்டும் கேட்க வேண்டியதுதான், ஆனால் இந்த ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: இத்தனை நாளும் இது எங்கே நின்றது? அண்ணா நகரில் வீட்டு ஹாலுக்குள் எட்டு வருஷம் நின்ற சைக்கிளையும் திருவான்மியூரில் கடல் பார்த்த பால்கனியில் மூன்று வருஷம் நின்ற சைக்கிளையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் நான் யோசிக்காமல் அந்த எட்டு வருஷத்துச் சைக்கிளைத்தான் எடுப்பேன்.

காரணம் உப்புக் காற்று. பெசன்ட் நகர், பாலவாக்கம், நீலாங்கரை, வடக்கே ராயபுரம், எண்ணூர் என்று கடலோரம் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன கதிக்கு ஆளாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளில் அது முதலில் தாக்கும் இடம் ஸ்போக்ஸ் கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன நிப்பிள். அது கம்பியோடு சேர்ந்து இறுகிவிட்டால் பிறகு வீலுக்குக் கோட்டம் எடுக்கவே முடியாது, திருகினால் நிப்பிள் சுற்றாமல் கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும், கடைசியில் முழு வீலையும் பிரித்துக் கட்ட வேண்டி வரும். அதனால் போனவுடன் குனிந்து ரிம்மைச் சுற்றி ஒவ்வொரு நிப்பிளாகப் பாருங்கள். "அலாய் ஃபிரேம் சார், துருவே பிடிக்காது" என்பார்கள். சிவப்பாகத் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் பெயின்ட் கொப்புளித்து, நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அதுவும் அரிப்புதான். வெல்டிங் பக்கத்தில் அப்படி இருந்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது, அப்படியிருக்க பார்க்கிங்கில் நின்ற சைக்கிள்கள் மட்டும் எப்படித் தப்பும்? கழுவித் துடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஒரு ஆலன் கீ செட்டும் போன் டார்ச்சும் போதும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று முதலில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு அதை முழுவதுமாக வெளியே உருவுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி லேசாகத் தட்டுங்கள். காய்ந்த வண்டலோ பழுப்பு நிறத் துகளோ கொட்டினால் அந்தச் சைக்கிள் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதோடு முன் பின் வீல்களின் நடுவில் இருக்கும் ஹப், பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் நடுவில் இருக்கும் பாட்டம் பிராக்கெட், ஹேண்டில்பார் சுழலும் ஹெட்செட் என்று பால்ரஸ் இருக்கும் எல்லா இடத்தையும் பிரித்து வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

சீட் போஸ்டை உருவச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் பல வருஷம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உப்பும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பிறகு எந்த மெக்கானிக்காலும் அதைச் சுலபமாக எடுக்க முடியாது, உங்கள் உயரத்துக்கு ஏற்ற இறக்கவும் முடியாது. "அது கொஞ்சம் டைட்டா இருக்கும், ஆயில் விட்டா வந்துடும்" என்று சொன்னால், இப்போதே ஆயில் விட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல சைக்கிளும் நிறையக் கிடைக்கிறது. 2020 லாக்டவுனில் உலகம் முழுக்க சைக்கிள் வாங்கினார்கள், சென்னையிலும் வாங்கினார்கள், அதில் பல சில மாதங்களோடு ஓரம் கட்டப்பட்டன. வீட்டுக்குள் நின்ற அப்படி ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல பேரம் இல்லை. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கும், கிரீஸ் காய்ந்திருக்கும், ஆனால் செயினும் பல்சக்கரமும் கிட்டத்தட்டப் புதுசாகவே இருக்கும். மே, ஜூனில் ஹாஸ்டல் காலி செய்யும் மாணவர்கள், மாதக் கடைசியில் வேறு ஊருக்கு மாறிப் போகிற குடும்பங்கள், இவர்களிடமும் விலை இறங்கி வரும், ஏனென்றால் அவர்களுக்கு அந்த வாரத்துக்குள் விற்றாக வேண்டும்.

சரி, சைஸ். இதை எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வீல் சைஸ் வேறு, ஃபிரேம் சைஸ் வேறு. 26, 27.5, 29 என்பது வீல். உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது ஃபிரேம். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு 17 இன்ச் சுற்றுவட்டாரத்தில் வரும், அதற்குக் கீழே என்றால் 15 அல்லது 16, ஐந்தடி பத்து அங்குலத்துக்கு மேல் என்றால் 19. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நேரில் காலை அகட்டி மேல் கம்பிக்கு மேலே நின்று பாருங்கள், இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பொருந்தாத சைக்கிள் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம், முட்டியும் முதுகும்தான் விலை கொடுக்கும்.

பணம் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். ஃபிரேம், முன் வீலைப் பிடித்திருக்கும் ஃபோர்க், இரண்டு வீல், இவைதான் சைக்கிள். மற்றதெல்லாம் தேயும், மாற்றலாம். கையில் பத்தாயிரம் இருந்தால் ஏழாயிரத்துக்கு மேல் சைக்கிளுக்குக் கொடுக்காதீர்கள், மீதியை வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த விலையில் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதுதான் சரி. பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு மாடல்கள் பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் கனம், மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதியை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும், அதன் மூட்டுகள் தேய்ந்தால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும்.

ஃபிரேமில் ஹேண்டிலுக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் கம்பி வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியிருந்தாலோ சின்ன மேடு தட்டுப்பட்டாலோ முன்னால் எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது. அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள், ஃபிரேம் முறிவது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கும்.

ஃபோர்க்கில் மேலும் கீழும் சறுக்கும் பளபளப்பான குழாய்கள் இரண்டிலும் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் துருப் புள்ளி விழுந்திருக்கிறது, அந்தப் புள்ளி ஒவ்வொரு அமுக்கத்திலும் உள்ளே இருக்கும் சீலை அறுக்கும். பிறகு முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம், அது எங்கே என்று பாருங்கள். ஹெட்செட் கிண்ணத்துக்கும் ஃபோர்க்கின் தலைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் விரலுக்குக் கீழே தெரிந்தால் ஹெட்செட், பெரும்பாலும் இறுக்கினால் சரியாகிவிடும். விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் சறுக்கும் குழாய் உள்ளே நுழையும் இடத்தில் ஆடினால் ஃபோர்க் தேய்ந்துவிட்டது, இந்த விலைச் சைக்கிளில் அதைச் சரிபார்ப்பதைவிட வேறு சைக்கிள் பார்ப்பது நல்லது.

வீலைத் தூக்கிச் சுற்றுங்கள், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். லேசான கோட்டம் பிரச்சினை இல்லை, பக்கத்துக் கடையில் எடுத்துவிடுவார்கள். மேலும் கீழுமாகக் குதித்தால் ரிம் அடிபட்டிருக்கிறது, நம் ஊர்ப் பள்ளங்களில் இது சகஜம். அதே இடத்தில் நின்று டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், கிராங்கையும் அப்படியே ஆட்டிப் பாருங்கள்.

செயினுக்கு ஒரு ஸ்டீல் டேப் எடுத்துப் போங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து நீட்டினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் ஒரு பின்னின் நடு வந்து நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கையில் அளவைக் காட்டிப் பேசும்போது பேரம் சண்டையாக மாறாது.

கியர் விஷயத்தில் 21, 24 என்ற எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். ஷிமானோவில் டூர்னி அடிப்படை, அதற்கு மேல் ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, டியோரே என்று போகும். முதல் சைக்கிளுக்கு ஆல்டஸ் தாராளம், டூர்னியும் ஒழுங்காக டியூன் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். நான் எண்ணிப் பார்ப்பது பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்களைத்தான். சென்னை தட்டை ஊர், 28 பல் போதும். ஒருநாள் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏற வேண்டும் என்று ஆசை இருந்தால் 34 பல் இருப்பதாகப் பாருங்கள். பின்னால் நின்று கியர் மாற்றும் டீரெய்லரைப் பாருங்கள், அதன் இரண்டு சின்ன உருளைகளும் மேலே இருக்கும் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் வலது பக்கம் விழுந்த சைக்கிள்.

பிரேக்கில், கேபிளில் இயங்கும் டிஸ்க் இந்த விலைக்குப் பொருத்தம், எந்தக் கடையிலும் சரிபார்ப்பார்கள். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இருந்தால் லீவரை ஒரு நிமிடம் இறுகப் பிடித்தே இருங்கள், மெல்ல மெல்ல உள்ளே போனால் கசிவோ காற்றோ இருக்கிறது. டிஸ்க் தகட்டின் கனத்தையும் கவனியுங்கள், ஷிமானோ தகடு புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5 ஆனால் மாற்றிவிட வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கை மட்டம் என்று ஒதுக்காதீர்கள், மழையில் பிடிப்பு குறையும் என்பதைத் தவிர அதில் பெரிய குறை இல்லை.

டியூப் வால்வையும் பாருங்கள். கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். மெலிந்த வால்வு என்றால் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தெருவில் இரண்டு சுற்று போதாது. ஒவ்வொரு கியராக மாற்றுங்கள், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள், கனமான கியரில் எழுந்து நின்று மிதியுங்கள். பழக்கமான மெக்கானிக் அண்ணா ஒருவர் இருந்தால் அவருக்கு ஏதாவது கொடுத்துக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், பத்தே நிமிடத்தில் நீங்கள் பார்க்காததையெல்லாம் பார்த்துவிடுவார்.

பிராண்டு பற்றி ஒரு வார்த்தை. ஹெர்குலஸ், மான்ட்ரா எல்லாம் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பெயர்கள், டெகத்லானின் ராக்ரைடருக்கும் ஊரில் சர்வீஸ் இருக்கிறது. உதிரிபாகம் கிடைக்கிற பிராண்டாக இருந்தால் போதும், ஸ்டிக்கரில் கார் கம்பெனி பெயர் இருக்கிறது என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது, அதனால் பில்தான் ஆதாரம். கிராங்குக்குக் கீழே, சைக்கிளைக் கவிழ்த்தால் தெரிகிற இடத்தில் ஃபிரேம் நம்பர் அடித்திருப்பார்கள். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், அந்த நம்பரையும் தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி விற்கிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள், அவர் வீட்டு வாசலில் வைத்தே வாங்குங்கள். நேர்மையாக விற்கிறவர் இதற்குத் தயங்க மாட்டார்.

வாங்கி வந்ததும் ஒதுக்கிய பணத்தில் முதலில் பிரேக் கட்டையும் கேபிள்களும், அப்புறம் டயர், அதற்குப் பிறகுதான் செயின். ரோட்டில்தான் அதிகம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் முள் முள்ளாக இருக்கும் டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான 1.95 இன்ச் அகல டயர் போடுங்கள், மிதிப்பது எவ்வளவு லேசாகிறது என்று முதல் நாளே தெரியும். சீட் போஸ்டைக் கழற்றி கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள். கடலோர வீடு என்றால் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, செயினுக்குச் சொட்டு ஆயில் விட்டு, சைக்கிளைப் பால்கனியில் விடாமல் வீட்டுக்குள் நிறுத்துங்கள்.